அக்கா வாசித்த என் புத்தக ஓரங்கள்

1

"மார்ச் 9, ஞாயிறு. அக்கா. பஸ் கதை, ஏழாவது தடவை. 14 நிமிடத்தில் முடித்தேன்."

ஒரு புத்தகத்தின் 112ஆம் பக்க ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. அதற்குக் கீழே நீலப் பேனையால் இன்னொரு கையெழுத்து: "ஏழு இல்லை, தம்பி. நீ எண்ணத் தொடங்கினது பிந்தி."

இந்தப் பக்கத்தின் படம் இவ்வருடம் ஜனவரி 11, ஞாயிறு காலை 7.10க்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் திருகோணமலை பாலையூற்றில் இருக்கும் என் அக்கா. சுகம் கேட்கவில்லை, ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த இருபது நிமிடத்தில் மேலும் நான்கு படங்கள் வந்தன. கையில் இருந்த தேநீர் ஆறிப்போனதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். டென்மார்க்கில் ஒரு சிறு நகரில் இருக்கிறேன். யன்னல் செய்யும் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை. எந்தப் பெட்டி எந்தத் திகதியில் வந்தது, எந்தத் திகதியில் போனது என்று பதிவதே தொழில். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வாசிக்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் தொடங்கிய நாள், முடித்த நாள், அதிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு பாடம் என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். நான்கு வருடங்களில் அறுபத்தொரு புத்தகங்கள். வரலாறு பாதி. மீதி, மனிதன் தன்னைத் திருத்திக்கொள்வது எப்படி என்று சொல்பவை.

2

அந்தப் புத்தகங்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. பழக்கங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சிகரெட்டை விட்டேன். மறதியைப் பற்றிய இன்னொன்று என் மூளைமீது எனக்கு இருந்த அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கையைக் கொஞ்சம் இறக்கி வைத்தது. நல்ல புத்தகங்கள்.

நேரத்தைக் காப்பது பற்றிய புத்தகத்தைச் சென்ற வருடம் பெப்ரவரி 22 தொடங்கி மார்ச் 11 முடித்தேன். உங்கள் நேரத்தை யார் எடுக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் போடுங்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை வையுங்கள், ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்பவரை மென்மையாக வேறு பேச்சுக்குத் திருப்புங்கள் என்று அது சொன்னது. எழுதியவருக்கு ஓர் அக்கா இருந்ததாகத் தெரியவில்லை. நான் பட்டியல் போட்டேன். முதல் பெயர் அக்கா.

ஞாயிறு தோறும் நாங்கள் பேசுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பஸ் கதைக்கு வந்துவிடும். தொண்ணூற்றெட்டில் எனக்குத் தொலைபேசி எடுப்பதற்காகச் அப்போது வீடு இருந்த சாம்பல்தீவில் பஸ் ஏறியது, பாலத்தடியில் பஸ் நின்றுபோனது, வெயிலில் நடந்தது, சோதனைச் சாவடியில் காத்திருந்தது, பட்டணத்தில் தொலைபேசிக் கடை வரிசையில் நின்றது. அக்கா வரிசைக்கு வரும்போது நான், "சரி அக்கா, பிறகு? கால் நோ எப்பிடி?" என்று திருப்பிவிடுவேன். புத்தகம் சொன்ன மென்மையோடுதான்.

தனக்கு நான் கடமைப்பட்டவன் என்பதை மறக்கவிடாமல் இருக்கவே இந்தக் கதையைச் சொல்கிறா என்று நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, எண்ணினேன். மார்ச்சில் ஏழாவது தடவை, ஏப்ரல் 6 எட்டாவது, ஜூன் 15 ஒன்பதாவது, செப்டெம்பரில் பதினொன்று.

செவிமடுப்பதைப் பற்றிய ஒரு புத்தகத்தையும் இதே மாதங்களில்தான் வாசித்தேன். மகள் ஆரணி என் பிறந்தநாளுக்குத் தந்தது. இருபது வயது, வேறு நகரில் படிக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை வருவாள். எங்களோடு தமிழில் தொடங்கி, மூன்றாவது வசனத்தில் டெனிஷுக்கு மாறிவிடுவாள். அவள் ஏன் அந்தப் புத்தகத்தைத் தெரிந்தெடுத்தாள் என்று நான் யோசிக்கவில்லை. தொழிற்சாலையில் என் மேற்பார்வையாளருக்கு இது எவ்வளவு தேவை என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் நினைத்தேன். கடைசியில் பத்துக் கேள்விகளோடு ஒரு பரீட்சை இருந்தது. எனக்கு நானே ஒன்பது புள்ளி போட்டுத் திகதியும் இட்டேன்.

3

புத்தகங்கள் ஊருக்குப் போன விதம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். வருடத்துக்கு ஒருமுறை கப்பலில் பெட்டி அனுப்புவோம். பால்மா, சவர்க்காரம், சொக்கிலேற், சப்பாத்து, பிள்ளைகளுக்கு அளவு போதாமல் போன உடுப்புகள். பெட்டிக்குள் இடைவெளி இருந்தால் வழியில் சாமான் புரண்டு பால்மாத் தகரம் நெளியும். அதனால் இடைவெளிக்கு எதையாவது அடைப்போம். சென்ற செப்டெம்பர் 13, சனிக்கிழமை, பெட்டி ஏற்றும் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. மூலைகள் வெறுமையாக இருந்தன. துவாய் தேடினேன், கிடைக்கவில்லை. அலுமாரியின் நடுத்தட்டில் வாசித்து முடித்த புத்தகங்கள் ஏழு இருந்தன. அளவாக இருந்தன. அடைத்தேன்.

தகரம் ஒன்றும் நெளியாமல் நவம்பர் கடைசியில் பெட்டி போய்ச் சேர்ந்தது. அக்கா சொக்கிலேற் பற்றி, பால்மா பற்றி, தனக்குப் பெரிதாக இருந்த சப்பாத்தைப் பற்றிச் சொன்னா. புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவை என் நினைவில் சாமானாக இருக்கவில்லை, அடைப்பாகத்தான் இருந்தன.

ஒன்று மறந்திருந்தேன். அக்கா முப்பத்திரண்டு வருடம் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. கையில் அகப்பட்ட எழுத்தைத் திருத்தாமல் கீழே வைக்கமாட்டா.

இரண்டாவது படத்தில் ஜூன் 15 குறிப்பு இருந்தது: "அக்கா எடுத்து 40 நிமிடம் வீணாக்கினார்." கீழே: "அண்டைக்கு நான் எடுக்கேல்லை. நீதான் எடுத்தனீ. பார்த்துச் சொல்லு." தொலைபேசியில் பழைய பதிவைப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி.

மூன்றாவது படம் அந்தப் பரீட்சை. என் ஒன்பது வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் வட்டம் போட்டு: "10க்கு 3. அதிலே ஒண்டு கையெழுத்துக்கு."

நான்காவதில், மற்றவர்களின் பலத்தை உறிஞ்சும் மனிதர்கள் என்ற அத்தியாயத் தலைப்புக்கு அருகே நான் அக்காவின் முழுப்பெயரையும் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஒன்றும் எழுதப்படவில்லை. நீலப் பேனையின் முனை ஊன்றிய ஒரு புள்ளி மட்டும் இருந்தது.

ஐந்தாவது, பஸ் கதையின் பதினோராவது தடவை. அதன் கீழே, "இன்னும் ஒருக்காக்கூட முடிக்கேல்லை" என்று இருந்தது.

4

அன்று நான் அக்காவுக்கு எடுக்கவில்லை. அன்றைக்கும் ஞாயிறுதான். அக்காவும் எடுக்கவில்லை.

அந்த வார இறுதியில் ஆரணி வீட்டில் நின்றாள். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்ததால் அவளிடம் படங்களைக் காட்டினேன். தமிழ் எழுத்தை அவள் மெல்லத்தான் கூட்டுவாள். பரீட்சைப் புள்ளிக்கு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமி சூப்பர் அப்பா."

பிறகு நான்காவது படம். அதில் சிரிப்பு நின்றது.

"அப்பா, என்னைப் பற்றியும் இப்பிடி எழுதி வைச்சிருக்கிறீங்களா?"

"அது... பழக்கம் பிள்ளை. சும்மா குறிச்சு வைக்கிறது" என்றேன்.

அவள் டெனிஷில், தனக்குச் சொல்வது போல ஏதோ சொன்னாள். விளங்கியது. இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து பிழைபிழையாகப் பேசினாலும், என்னைப் பற்றிச் சொல்வது மட்டும் எனக்கு எப்போதும் சரியாக விளங்கும். அவளைப் புகையிரத நிலையத்தில் இறக்கிவிட்டு வந்து, அழிறப்பரோடு அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். வளரும் பிள்ளைகளோடு பழகுவது பற்றிய புத்தகத்தில் பதினாறு இடங்கள். அழித்தேன். பென்சில் போய்விட்டது, அழுத்தி எழுதிய தடம் போகவில்லை. சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம்.

அழித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. நான் வாசித்த எல்லாப் புத்தகங்களும் உன்னிலிருந்து தொடங்கு என்றுதான் சொல்லியிருந்தன. அந்த வரிகளுக்கு அடியில் கோடும் கீறியிருக்கிறேன். ஆனால் ஓரத்தில் எழுதிய பெயர்களில் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

5

ஜனவரி 18, அடுத்த ஞாயிறு. வழமையான நேரத்துக்கு எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டா என்று நினைத்தேன். இனி எந்த ஞாயிறும் எடுக்காமல் விட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். அப்பா அம்மா இல்லை. அந்த ஊரில் என்னைத் தம்பி என்று கூப்பிட மிஞ்சியிருப்பது இந்த ஒரு குரல்தான்.

"ஹலோ."

"அக்கா."

"ஓம், சொல்லு. இண்டைக்கு எத்தினை நிமிசம் தந்திருக்கிறாய்?"

"அக்கா, அந்தக் குறிப்புகள்..."

"நல்ல தமிழ். புத்தகம் இங்கிலீசு, எனக்கு அரைகுறை. உன்ர பென்சில்தான் வாசிக்கச் சுகமா இருந்தது."

"நான் அப்பிடி நினைச்சு எழுதேல்லை அக்கா."

"நினைக்காம ஆரும் திகதி போட்டு எழுதுவினமே?"

அந்தப் பக்கத்தில் குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"கோவமா அக்கா?"

"கோவம் வந்தது. ரெண்டு நாள் சமைக்கவும் மனமில்லை. மூண்டாம் நாள், சரி, இவன் வேறென்ன எழுதி வைச்சிருக்கிறான் எண்டு பார்ப்பம் எண்டு இருந்தனான். ஏழையும் முடிச்சுப்போட்டன். மறதியைப் பற்றின புத்தகம் நல்லாயிருக்கு. அதிலே நீ ஒண்டும் எழுதேல்லை. மறந்துபோனியோ?"

சிரித்தா. நானும் சிரிக்கப் பார்த்தேன். ஏலவில்லை.

"அக்கா, மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"சரி சரி. விடு."

"பஸ் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ. முழுக்க."

"உனக்குத் தெரிஞ்ச கதைதானே. பதினொரு தரம் எண்டு எண்ணி வைச்சிருக்கிறாய்."

"கியூவிலே நிண்டது மட்டும் தெரியும். அதுக்குப் பிறகு தெரியாது."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"அதுக்குப் பிறகுதானேடா கதை" என்றா அக்கா.

6

இனி எழுதுவது அக்கா அன்று சொன்னது. இடையில் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டு பெப்ரவரியில் நான் இங்கே அகதி முகாமில் இருந்தேன். அகதி விண்ணப்ப விசாரணைக்கு நாள் வந்திருந்தது. முகாமில் எங்களுக்குள் ஒரு பயம் இருந்தது: சொல்லும் திகதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் வழக்கு போய்விடும். வீட்டைச் சோதனையிட்டது எந்தத் திகதி, என்ன கிழமை, நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டது எத்தனை நாள் கழித்து என்று எல்லோரும் பாடமாக்குவோம். நான் திகதி மனிதன் ஆனது அங்கேதான்.

ஊரில் அப்பா பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் தண்ணீர் கட்டியிருக்கிறது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், சுகமாகி வருகிறார் என்றும் சொல்லியிருந்தார்கள். அவர் சுகமாகவில்லை. "தம்பிக்கு எடுத்துச் சொல்லு பிள்ளை. என்ர நிலைமையைச் சொல்லு" என்று பெப்ரவரி 17 பின்நேரம் அக்காவிடம் கேட்டிருக்கிறார். முகாமில் வெளியிலிருந்து வரும் அழைப்பைக் காலை ஒன்பது தொடங்கிப் பத்து வரைதான் எடுத்துத் தருவார்கள். ஊரில் அது பகல் இரண்டு தொடங்கி மூன்று. மறுநாள், புதன்கிழமை, அக்கா பஸ் ஏறினா. பாலத்தடியில் பஸ் நின்றது. நடந்து பட்டணம் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு முதலில் போனால் வரிசையில் இடம் போய்விடும் என்று நேரே தொலைபேசிக் கடைக்குப் போனா. இரண்டு மணிக்குப் பிறகுதான் முறை வந்தது. மூன்று நிமிடத்துக்குப் பதிந்திருந்தா.

"நீ எடுத்த உடனே, அக்கா நல்லகாலம் எடுத்தனீங்கள், நாளைக்கு எனக்கு விசாரணை, கெதியாச் சொல்லுங்கோ எண்டு தொடங்கினனீ. வீட்டைச் சோதிச்சது எத்தினையாம் திகதி? திங்களோ செவ்வாயோ? சித்தப்பா வந்தது அதுக்கு முதலோ பிறகோ? நான் சொல்லிச் சொல்லிக் கொண்டு வந்தனான். நீ அங்கே எழுதுறாய் போல. கடைசியிலே, அப்பா எப்பிடி எண்டு கேட்டனீ. நாளைக்கு விசாரணை எண்டவனுக்கு நான் என்னத்தைச் சொல்றது? நித்திரை எண்டனான். சந்தோசமா வைச்சனீ."

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அக்கா நடந்துதான் போயிருக்கிறா. வார்டுக்குள் போனபோது கட்டிலில் முகம் மூடியிருந்தது.

எனக்கு அறிவித்தது பெப்ரவரி 27. ஒரு நாளில் முடியும் என்று நினைத்த என் விசாரணை, ஒரு வாரம் கழித்து இரண்டாவது நாள் குறிக்கப்பட்டு, 26இல்தான் முடிந்தது. அதற்கு முன் சொன்னால் நான் குழம்பித் திகதிகளை மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று அக்கா பயந்தா. 27 காலை எடுத்து, "அப்பா எங்களை விட்டுப் போட்டார்" என்றா. எப்போது என்று கேட்டேன். "இண்டைக்கு விடிய" என்றா. நான் எழுதிக்கொண்டேன். கொள்ளி வைக்கப்போவது யார் என்று கேட்டேன். சித்தப்பா என்றா. அவர் கொள்ளி வைத்து எட்டு நாள் ஆகியிருந்தது.

"ஒரு வருசம் கழிச்சுச் சொல்லுவம் எண்டு நினைச்சனான். பிறகு நீ ஒவ்வொரு பெப்ரவரியும் 27, 27 எண்டு கதைப்பாய். அங்கே லீவு எடுத்தனான், விளக்கு வைச்சனான் எண்டுவாய். திகதியிலே உயிரை விடுறவனுக்கு, அது பிழை எண்டு எப்பிடிச் சொல்றது? பஸ்ஸிலே தொடங்கினா அங்கே போய் முடிக்கலாம் எண்டு பார்ப்பன். ஒவ்வொரு தரமும் கியூவிலே நிக்கேக்கை நீ என்ர கால் நோவைக் கேட்பாய்."

7

இருபத்தேழு வருடம் நான் 27ஆம் திகதி விடுப்பு எடுத்தேன். முதல் வருடம் விடுப்புப் படிவத்தில் காரணத்தை டெனிஷில் பிழையாக எழுதிவிட்டேன். தந்தையர் நாள் ஜூன் மாதத்தில் அல்லவா என்று அப்போதிருந்த மேற்பார்வையாளர் சிரித்து, வாழ்த்தும் சொன்னார். நானும் நன்றி சொல்லி வந்தேன். அந்தக் கதையைப் பல கூட்டங்களில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா ஊரில் திவசத்தைத் திதிப்படி செய்வா. திதி ஒவ்வொரு வருடமும் வேறு திகதியில் வரும். நான் இங்கே கலண்டர்ப்படி செய்தேன். இரண்டும் பொருந்தாததற்குத் திதிதான் காரணம் என்று இருந்துவிட்டேன். பழைய பஞ்சாங்கம் ஒன்றை எடுத்து, அக்கா சொல்லும் திதி அந்த மாதத்தில் எந்தத் திகதியில் விழுந்தது என்று பார்த்திருந்தால் பிழை அப்போதே தெரிந்திருக்கும். எங்கோ ஓர் அரசன் முடிசூடிய நாளை மூன்று புத்தகங்களில் ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். தந்தை இறந்த நாளை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அக்கா பொய் சொன்னதற்காக எனக்கு வருத்தம் இல்லை. அவ அந்தப் பொய்யோடு தனியே இருந்ததும், அதை இறக்கி வைக்க வந்த ஒவ்வொரு ஞாயிறும் நான் வாசலிலேயே மறித்ததும், மறித்ததற்குப் பக்கத்தில் இலக்கம் போட்டதும்தான் நெஞ்சை அறுக்கிறது. இதை அக்காவிடம் சொன்னேன். "நீயும் அப்ப சின்னப் பெடியன்தானே, இருபத்திரண்டு வயசு" என்றா. தொண்ணூற்றெட்டுக்கு அந்தச் சமாதானம் பொருந்தும். சென்ற மார்ச் 9க்குப் பொருந்தாது. அப்போது எனக்கு நாற்பத்தொன்பது.

அப்பாவின் மரணச் சான்றிதழைப் படம் எடுத்து அக்கா ஜனவரி 20 அனுப்பினா. திகதி 18.02.1998. இறந்த நேரம் அதில் இல்லை.

முகாமில் வைத்திருந்த கொப்பியைக் கீழ் அறைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். பெப்ரவரி 18க்குரிய பக்கத்தில் என் எழுத்து: "அக்கா எடுத்தா. காலை 9.10. எல்லாத் திகதியும் சரி. அப்பா நித்திரை." ஊரில் அப்போது பகல் 2.10. வார்டுக்குள் தான் போனது மூன்று மணியளவில் இருக்கும் என்று அக்கா நினைக்கிறா, மணிக்கூடு பார்க்கவில்லை. எப்போது என்று தாதியைக் கேட்டதற்கு, "கொஞ்சம் முன்னம்" என்று சொன்னாராம். அவ்வளவுதான் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அந்த வருடத்து நோயாளர் பதிவான கட்டில் துண்டுகள் இப்போது இல்லை என்று அக்கா விசாரித்துச் சொன்னா.

இன்று பெப்ரவரி 18. இதை எழுதும் இந்த நேரம் வரை, நான் அக்காவிடம் திகதி கேட்டு எழுதிக்கொண்டிருந்த அந்த மூன்று நிமிடத்தில் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.